கடலுக்குப் போனால் கடலில் இறங்க வேண்டும்

ஓகஸ்ட் விடுமுறை நெருங்குகிறது. எங்கள் குடும்ப வட்ஸ்அப் குழுவில் வழக்கமான இழுபறி தொடங்கிவிட்டது. ஒரு பக்கம் திருகோணமலை, மறுபக்கம் மட்டக்களப்புப் பாசிக்குடா. கிளிநொச்சியிலிருந்தும் வவுனியாவிலிருந்தும் கடல் குளிக்க வான் பிடிக்கும் குடும்பங்கள் பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் மண்டையை உடைத்துக்கொள்கின்றன. நான் பாசிக்குடாவின் பக்கம். திருமலைக்காரர் கோபிக்க வேண்டாம். உங்கள் ஊர் அழகு என்பதை யாரும் சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை. ஆனால் வானில் ஏறப்போகிறவர்கள் யார் என்று பார்த்துத்தானே போகும் ஊரைத் தீர்மானிக்க வேண்டும்?

வன்னியின் உட்பகுதியில் வளர்ந்த நாங்கள் குளத்து ஆட்கள். இரணைமடு வாய்க்காலிலும் வவுனிக்குளத்துக் கட்டடியிலும் லொறி ரியூப்பைப் பிடித்துக்கொண்டு மிதந்ததுதான் எங்கள் நீச்சல். அதுவும் பெடியன்களுக்கு. பெண்கள் பலருக்குக் கிணற்றடிதான் குளிப்பு. அலையைப் பார்த்தால் ஆசை வரும், கால் நகராது. 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு அந்தப் பயத்துக்குக் காரணம் வேறு கிடைத்துவிட்டது. ஆகவே எங்கள் வீடுகளில் கடற்பயணம் என்றால், ஆண்களும் இளம் பிள்ளைகளும் தண்ணீருக்குள், மற்றவர்கள் கரையில். செருப்பு, கைபேசி, துவாய், மாற்றுத் துணிப் பை எல்லாவற்றுக்கும் காவலாக அம்மாவோ மாமியோ வெயிலில் நிற்பார். நாள் முழுக்கப் பயணம் செய்து வந்து பைக்குக் காவல் இருப்பதற்கு அவர் வீட்டிலேயே இருந்திருக்கலாம்.

திருகோணமலைப் பயணத்தில் இது கட்டாயம் நடக்கும். அந்த ஊரில் பார்ப்பதற்கு நிறைய இருக்கிறது என்பதுதான் சிக்கலே. சம்பந்தர் பாடிய கோணேசர் கோயிலைக் கும்பிடாமல் அம்மம்மா வானைத் திருப்ப விடமாட்டார், விடவும் கூடாது. மலையேறினால் கோட்டைக்குள் திரியும் மான்களுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுக்க வேண்டும். பிறகு கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகள். ஒவ்வொன்றிலும் சூடு வேறு வேறு என்று கையை விட்டுப் பார்த்து, வாளியால் அள்ளி ஊற்றி, அடுத்தவருக்காக வரிசையில் நின்று முடிய மதியம் கடந்துவிடும். சோற்றுப் பார்சலைப் பிரித்துச் சாப்பிட்டு, நகரத்திலிருந்து 16 கிலோமீற்றர் வடக்கே நிலாவெளிக்குப் போய்ச் சேரும்போது சாரதி மணிக்கூட்டைப் பார்க்கத் தொடங்கியிருப்பார். இருட்டுமுன் ஹொரவப்பொத்தானைக் காட்டைத் தாண்ட வேண்டுமாம். கடல் குளிப்பு அரை மணி நேரத்துக்குள் சுருங்கிவிடும். அதிலும் நிலாவெளி திறந்த கடல். நீந்தத் தெரிந்தவனுக்கு அது சுகம், தெரியாதவளுக்கு முழங்காலோடு சரி.

பாசிக்குடாவில் கடல் வேறு விதமானது. வளைந்த குடா, வெளியே பவளப்பாறை. அலை தொலைவிலேயே உடைந்துவிடுகிறது. கரையிலிருந்து நெடுந்தூரம் நடந்தாலும் தண்ணீர் இடுப்பைத் தாண்டாது. அடியில் மணல். முழங்கால் நோகும் அம்மம்மா கூட ஒரு பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு போய்த் தண்ணீருக்குள் சப்பாணி கட்டி உட்கார்ந்துவிடலாம். நெஞ்சளவு கடல், மெல்லிய ஆட்டம், உப்புச் சூடு. என் மாமி ஒருமுறை அப்படி உட்கார்ந்தவர், சாப்பாட்டுக்குக் கூப்பிட்டும் எழும்பவில்லை. “நீங்கள் சாப்பிடுங்கள், எனக்குப் பசிக்கவில்லை” என்றார். நீரிழிவுக்காரர், நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் வீட்டையே இரண்டாக்குகிறவர். அவர் எழும்பாததற்கு மேல் பாசிக்குடாவுக்கு வேறு சான்றிதழ் எனக்குத் தேவையில்லை.

ஆழமில்லை என்றவுடன் பிள்ளைகளைக் கடலோடு விட்டுவிட்டு மர நிழலில் கைபேசி பார்க்கலாம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நடந்துகொண்டே போனால் எங்கோ ஓர் இடத்தில் ஆழம் வரத்தான் செய்யும். அது வரும் இடம் கரையிலிருந்து தெரியாது. கல்குடாப் பக்கத்துக் கரையோ திறந்த கடல். ஆளில்லாமல் அழகாகக் கிடக்கிறதே என்று அங்கே போய்ப் பிள்ளைகளை இறக்காதீர்கள்.

எப்போது போவது என்பதில் எங்கள் ஆட்கள் செய்கிற வேலைதான் எனக்கு விளங்குவதில்லை. டிசம்பரில் பள்ளிக்கூடம் விடுகிறது, வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் வருகிறார், உடனே “கடலுக்குப் போவோம்” என்று கிளம்புகிறார்கள். வாடைக்காற்று உச்சத்தில் அடிக்கும் மாதம் அது. கிழக்குக் கரை முழுதும் கொந்தளிக்கும், தண்ணீர் கலங்கியிருக்கும், மழை விட்டபாடிராது. வயலும் அப்போதுதான் பசளைக்கும் களைக்கும் ஆளைக் கேட்கும். காலபோகம் வெட்டி, நெல்லை விற்று, கையில் நாலு காசு புரளும் மாசி பங்குனிக்குப் பிறகுதான் கிழக்குக் கடலும் அடங்குகிறது. சித்திரை விடுமுறை நல்லது, ஓகஸ்ட் நல்லது. ஓகஸ்டில் கச்சான் காற்று தரையிலிருந்து வெப்பத்தை வாரிக்கொண்டு வரும் என்பதால் விடியக்காலையும் பின்னேரமும் கடலில் இறங்கிவிட்டு நடுப்பகலில் உறங்குவதே புத்தி.

“மன்னாருக்குப் போனால் என்ன?” என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். மன்னார் எனக்குப் பிடித்த ஊர். பள்ளிமுனைப் பெருக்கமரமும் தலைமன்னார்ப் பாலத்தடியும் வங்காலையில் இறங்கும் பறவைகளும் தனிப் பயணத்துக்கு உரியவை. ஆனால் ஓகஸ்டில் அங்கே சோளகக் காற்று அடிக்கிற வேகத்தில் மணல் முகத்தில் அறையும். காற்றாடிப் பலகையில் பறக்கும் வெள்ளைக்காரருக்கு அது சொர்க்கம், சோற்றுப் பார்சல் பிரிப்பவருக்கு இல்லை.

இன்னொருவர் சற்றுக் காரமாகவே எழுதியிருந்தார்: சொந்த முல்லைத்தீவுக் கடல் இருக்க மட்டக்களப்புக்கு ஏன் ஓட வேண்டும் என்று. ஐயா, முல்லைத்தீவுக் கரைக்கு நாங்கள் போகாமலில்லை. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போகும்போது கடலையும் பார்த்துவிட்டுத்தான் வருகிறோம். மீன் வாங்கப் போகிறோம். மே மாதத்தில், போரில் இழந்தவர்களுக்காகப் போகிறோம். அந்தக் கரையில் என் மூத்தவர்களால் காலை நீட்டி உட்கார்ந்து சிரிக்க முடியவில்லை. இளம் பிள்ளைகளால் முடிந்தால் போகட்டும், நல்லதுதான், நான் தடுக்க மாட்டேன். அதற்கு மேல் இதைப் பற்றிக் கருத்துப் பெட்டியில் வாதாட எனக்கு விருப்பமில்லை.

பாசிக்குடாவில் எரிச்சல் தருபவையும் உண்டு. போருக்கு முன்பும் அங்கே விடுதிகள் இருந்தவைதான். 2009க்குப் பிறகு வந்தவை குடாவைச் சுற்றி ஒரே வரிசையாக நின்றுவிட்டன. முன்வரிசையில் ஓர் இரவுக்குக் கேட்கும் காசு எங்களைப் போன்ற குடும்பத்துக்குக் கட்டாது. பொதுமக்களுக்கென்று இருக்கும் பகுதியில் விடுமுறை நாட்களில் கால் வைக்க இடமிராது. படகுக்காரர் கூப்பிடுவார், பாட்டுப் பெட்டி அலறும், மணலில் போத்தல் ஓடு கிடக்கும். ஒரு விடுதியின் முன்னால் கரையோரமாக நடந்தபோது காவலாளி வந்து எங்களை அந்தப் பக்கமாகப் போகச் சொன்னார். கடலலை நனைக்கும் ஈர மணலில்தான் நடந்துகொண்டிருந்தோம். மச்சாள் விடவில்லை. “தம்பி, இந்தத் தண்ணீரையும் உங்கள் முதலாளியா ஊற்றினார்?” என்று கேட்டுவிட்டார். அவரும் பாவம், சிரித்துக்கொண்டு ஒதுங்கினார்.

பின்னால், கல்குடா வீதிப் பக்கமாகச் சிறிய விடுதிகள் இருக்கின்றன. பகலுக்கு மட்டும் என்றாலும் ஓர் அறை எடுங்கள். நல்ல தண்ணீரில் குளித்து, பெண்கள் நிம்மதியாக உடை மாற்ற ஒரு கதவு வேண்டும். வானுக்குள் சேலையைத் திரையாகப் பிடித்துக்கொண்டு மாற்றுகிற கூத்தை எத்தனை காலத்துக்கு நடத்துவது?

நீச்சல் தெரிந்த இளைஞர்கள் நாலைந்து பேர் சேர்ந்து போவதென்றால் என் பதிவைக் கிழித்துப் போட்டுவிட்டு நிலாவெளிக்கே போங்கள். கரையிலிருந்து படகில் சிறிது தூரத்தில் புறாத்தீவு. 2003இல் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. முகமூடியும் மூச்சுக்குழாயும் மாட்டிக்கொண்டு தலையைக் கவிழ்த்தால் பவளமும் வண்ண மீன்களும், அதிர்ஷ்டமிருந்தால் ஆளைச் சீண்டாத சிறு சுறாக்களும் தெரியும். இதற்கு ஈடாகப் பாசிக்குடாவில் ஒன்றுமில்லை. பவளத்தின் மேல் ஏறி நிற்காதீர்கள், அது உயிருள்ளது.

“இரண்டையும் ஒரே பயணத்தில் பார்ப்போம்” என்பது எங்கள் அத்தானின் யோசனை. எந்தப் பயணத்திலும் இப்படி ஓர் அத்தான் இருப்பார். திருகோணமலையிலிருந்து கிண்ணியாப் பாலம், மூதூர், வெருகல், வாகரை வழியாகக் கீழே இறங்கலாம் என்பது உண்மை. முன்பு துறைதுறையாகப் படகேறிக் கடந்த வழி அது, இப்போது பாலங்கள் வந்துவிட்டன, பாதையும் அழகு. ஆனால் இரண்டு நாள் விடுமுறையில் அதைச் செய்தால் மிஞ்சுவது வான் இருக்கையும் முதுகுநோவும்தான். கோணேசரை வேறொரு வெள்ளிக்கிழமை தனியாகப் போய்க் கும்பிடலாம். நாங்கள் வவுனியா, ஹபரணை, பொலன்னறுவை வழியாக நேரே வாழைச்சேனைக்கு இறங்குகிறோம். தூரம் கூடத்தான், ஒத்துக்கொள்கிறேன். ஹபரணைக்கு அப்பால் இருட்டினால் யானை வீதிக்கு வரும் என்பதால் விடியக் கிளம்பினால் சரி.

அத்தான் இன்னும் சமாதானமாகவில்லை. மாமி மட்டும் குழுவில் “நான் பாசிக்குடா” என்று குரல் பதிவு போட்டுவிட்டார், அதோடு எதிர்க்கட்சி வாயடைத்துவிட்டது. முன்வரிசையில் இல்லாத, மீன் வாங்கிக் கொடுத்தால் சமைக்க அடுப்படி தருகிற விடுதி யாருக்காவது தெரிந்தால் உட்பெட்டியில் எழுதுங்கள். மாடிப்படி இல்லாத அறை வேண்டும். மட்டக்களப்புத் தயிர் வழியில் எங்கே நல்லதாக வாங்கலாம் என்பதையும் சேர்த்து எழுதினால் புண்ணியமாகப் போகும்.