லேண்டிங் கியர் காலில் ஆசிட் தடவாதீங்க
செஸ்னா சிறு விமானத்தில் சக்கரத்தைத் தாங்கும் ஸ்பிரிங் எஃகுக் காலில் துரு வந்தால் ஆசிட் தடவி எடுத்துவிட்டு பவுடர் கோட்டிங் (பொடியைத் தூவி அடுப்பில் சுட்டுப் படியவைக்கும் பூச்சு) போடுங்க, புதுச்சேரி உப்புக்காற்றுக்கு அதுதான் சரி என்று ஒருத்தர் எழுதியிருக்கிறார். தப்புங்க. கடினப்படுத்திய எஃகில் ஆசிட் பட்டால் ஹைட்ரஜன் உள்ளே புகுந்து உலோகம் நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும், வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது, அப்புறம் ஒரு நாள் தரையிறங்கும்போது பட்டென்று முறியலாம். சில விமானங்களில் கால் 7075-டி6 என்ற வலுவான அலுமினியக் கலவை, அதற்கு பவுடர் கோட்டிங் அடுப்பின் 200 டிகிரி சூடே வலிமையைக் குறைத்துவிடும். வீட்டு கேட்டுக்கு வேண்டுமானால் போடுங்க. விமானத்தின் எஃகுக் காலை மெல்லிய உப்புத்தாளால் நீளவாக்கில் தேய்த்து, குழி இருந்தால் ஆழத்தை மெயின்டனன்ஸ் மேனுவல் வரம்போடு ஒப்பிட்டு, எபாக்சி பிரைமர், மேலே பாலியூரித்தேன் பெயின்ட். கிரைண்டர் வைக்கவே கூடாது, ஷாட் பீனிங் செய்த, அதாவது சிறு குண்டுகளால் அடித்து இறுக்கிய மேல்பரப்பு போய்விடும்.