குழாயைச் சுவரிலிருந்து வெளியே எடுங்கள், பிறகு சுவரை நகர்த்தலாம்

'காலத்துக்கேற்ப மாறும் கட்டடம்' என்று பேச்செடுத்தாலே நகரும் பார்ட்டிஷனையும் மடக்குக் கதவையும் வரைந்து காட்டுகிறார்கள். அதெல்லாம் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். கட்டடம் நாளை வேறொன்றாக மாறுமா என்பது பிளானில் தெரியாது, கட்டடத்தை மேலிருந்து கீழாக வெட்டிக் காட்டும் செக்‌ஷனில்தான் தெரியும்.

தூணும் அஸ்திவாரமும் அரை நூற்றாண்டுக்கு மேல் நிற்கும். குழாய், வயர் எல்லாம் அதில் பாதிக் காலம்கூடத் தாங்காது. உட்சுவர்களை அதற்கும் முன்பே இடிக்கச் சொல்வார்கள். ஆயுள் வேறான இவற்றை ஒன்றோடொன்று சேர்த்துப் பூசிவிடுவதுதான் கோளாறின் மூலம். செங்கல் சுவரில் காடி வெட்டிக் குழாயைப் புதைத்தால் அந்தச் சுவரை அப்புறம் தொட முடியாது. கசிவு வந்தால் டைல்ஸை உடைக்க வேண்டும், அதே டைல்ஸ் திரும்பக் கிடைக்காது. மாற்று வழி எளிது. கழிவறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பக்கத்தில் ஆள் நின்று ஸ்பானர் திருப்பும் அளவுக்கு, குறைந்தது 60 செ.மீ. அகலத்தில், குழாய்கள் இறங்க ஒரு ஷாஃப்ட் (நெட்டுக்குத்தான இடைவெளி) விடுங்கள். ஒவ்வொரு தளத்திலும் அதற்குக் கதவு வையுங்கள். கதவில்லாத ஷாஃப்ட் வெறும் புகைபோக்கிதான்.

கழற்றி மாட்டலாம் என்று வடிவமைத்தாலே போதும் என நினைப்பவர்கள் டோக்கியோவின் நகாகின் கேப்சூல் கோபுரத்தைப் பார்க்க வேண்டும். 1972-இல் ஜப்பானியக் கட்டடக்கலைஞர் கிஷோ குரோகவா கட்டியது. 140 கேப்சூல்கள் (பெட்டி போன்ற சிற்றறைகள்), 25 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது திட்டம். ஒன்றைக்கூட மாற்றவில்லை. கீழே உள்ளதை எடுக்க மேலே உள்ளவற்றையும் இறக்க வேண்டியிருந்தது, ஒவ்வொன்றுக்கும் உரிமையாளர் வேறு. 2022-இல் இடித்துவிட்டார்கள். கழற்றும் வரிசையை யோசிக்காத இணைப்பு, வெல்டிங் வைத்ததற்குச் சமம்.

அடுத்தது உயரம். தளத்துக்குத் தளம் 3 மீட்டர் வைத்தால் பீமுக்கு 50 செ.மீ., ஏசி டக்டுக்கு 30, சீலிங்குக்கு 10 போக மிச்சம் 2.1 மீட்டர். தரைப்பூச்சையும் கழித்தால் அதுவும் இல்லை. வீடாக இருக்கும்வரை சமாளிக்கலாம். கிளினிக்காகவோ அலுவலகமாகவோ மாற்ற முடியாது. 3.6 வைத்தால் முடியும். பிற்பாடு காசு கொடுத்தும் உயரத்தை வாங்க முடியாது. பீமில் குழாய் நுழையும் ஓட்டைக்கான ஸ்லீவையும் கான்கிரீட் போடும் முன்பே விட்டுவிடுங்கள்: ஆழத்தின் நடு மூன்றில் ஒரு பங்கில், தூணை விட்டு நன்றாகத் தள்ளி, இருபுறமும் கூடுதல் ஸ்டிரப் (வளையக் கம்பி) கட்டி. எங்கே, எவ்வளவு பெரிது என்பதை ஸ்ட்ரக்சுரல் என்ஜினியர் சொல்லட்டும். பிளம்பர் சொல்லக் கூடாது.

இனி பலர் பேசாத பக்கம். மாற்றும் வசதியே சில சமயம் உறுதியைத் தின்றுவிடும். மேல் தளங்களில் சுவர்கள் அப்படியே இருக்க, தரைத்தளச் சுவர்களை மட்டும் எடுத்துக் கடையோ பார்க்கிங்கோ ஆக்கினால் அந்தத் தளம் மட்டும் மற்றவற்றைவிடத் தளர்ந்துவிடும். நிலநடுக்கத்தில் அசைவு முழுவதும் அங்கேயே குவியும், தூண்கள் அங்கேதான் முறியும். தூண்களுக்கு நடுவே பாதி உயரம் சுவர் கட்டி மேலே ஜன்னல் வைப்பதும் ஆபத்து. சுவருக்கு மேல் மிஞ்சும் குட்டைத் துண்டில் வெட்டுவிசை ஏறி, குறுக்குச் சாய்வாகப் பிளக்கும். எந்தச் சுவரை எடுக்கலாம், எதை எடுக்கக் கூடாது என்று வரைபடத்திலேயே குறித்திருக்க வேண்டும். 'எல்லாச் சுவரையும் எடுக்கலாம்' என்று விற்பவர், அதற்கேற்ற ஷியர் வால் (பக்கவாட்டு விசையைத் தாங்கும் சுவர்) எங்கே என்று காட்டட்டும்.

வெள்ளத்துக்கும் இதே கணக்குதான். 2012-இல் சாண்டி புயலின்போது நியூயார்க்கின் பெல்வியூ மருத்துவமனையில் ஜெனரேட்டர்கள் 13-ஆம் மாடியில் பத்திரமாக இருந்தன. எரிபொருள் பம்ப் நிலத்தடித் தளத்தில் மூழ்கியது. ஊழியர்கள் படிவழியே டீசலைக் கைமாற்றி ஏற்றினார்கள். ஒரு கருவியை மேலே ஏற்றினால் அது நம்பியிருக்கும் பம்ப், பேனல், வால்வு அத்தனையையும் ஏற்ற வேண்டும். சங்கிலியில் ஒரு கண்ணி கீழே தங்கினாலும் பயனில்லை.

மேலே இன்னொரு மாடி எழுப்பலாம் என்று தூண் கம்பிகளை மொட்டையாக நீட்டிவிடுவது இன்னொரு கண்துடைப்பு. சில மழைக்குள் துருவேறும், கம்பி வழியே தண்ணீர் ஸ்லாபுக்குள் இறங்கும். சிமென்ட் பால் பூசி, மெலிந்த (சிமென்ட் குறைவான) கான்கிரீட்டால் மூடுங்கள். அதைவிட முக்கியம், அஸ்திவாரம் எத்தனை தளத்துக்குக் கணக்கிட்டது, தளம் சதுர மீட்டருக்கு எவ்வளவு பாரம் தாங்கும் என்ற இரண்டு எண்களையும் வரைபடத்தில் எழுதி உரிமையாளரிடம் கொடுப்பது. வீட்டுக்கென்று சுமார் 200 கிலோவுக்குக் கணக்கிட்ட தளத்தில் யாராவது புத்தகக் கிடங்கு வைக்கும் முன் பார்க்க வேண்டிய எண் அது.