அந்தத் துண்டுச் சீட்டு ஒரு வழக்கு

சில மாதங்களுக்கு முன் ஓர் இரவு பத்து மணிக்கு அக்கா மகன் தொலைபேசியில் அழைத்தான். "சித்தி, கோர்ட் இணையதளத்தில் தேடிப் பார்த்துவிட்டேன். என் பெயரே இல்லை. வேகமாக ஓட்டியதற்குக் கொடுத்த அந்த டிக்கெட்டைப் போலீஸ் பதிவே செய்யவில்லை போலிருக்கிறது. விட்டுவிடலாம்தானே?" என்றான். அவன் குரலில் அப்படி ஒரு நிம்மதி. எனக்கோ வயிற்றில் புளியைக் கரைத்தது.

அவன் அமெரிக்காவுக்கு வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. கலிபோர்னியாவின் ஐந்தாம் எண் நெடுஞ்சாலையில், 70 மைல் வேகம் என்று பலகை வைத்திருக்கும் இடத்தில் 84 மைல் வேகத்தில் போயிருக்கிறான். நெடுஞ்சாலைக் காவலர் நிறுத்தி, சீட்டு எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார். அந்தக் கையெழுத்தே ஒப்புதல் வாக்குமூலம் என்று இவன் நினைத்துக்கொண்டான். நம்மவர்கள் பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். கலிபோர்னியாவில் அந்தக் கையெழுத்துக்கு ஒரே பொருள்தான்: குறித்த தேதிக்குள் குறித்த நீதிமன்றத்துக்குப் பதில் சொல்வேன் என்ற வாக்குறுதி. குற்றம் செய்தேன் என்று எங்கேயும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் அந்த வாக்குறுதியை மீறினால் அதுவே தனிக் குற்றம். வேகமாகப் போனது அபராதத்தோடு முடிகிற சிறு மீறல். ஆஜராகாமல் போனது அதைவிடப் பெரியது.

சீட்டின் அடிப்பகுதியில் தேதியும் நீதிமன்றத்தின் முகவரியும் இருந்தன. அவன் படிக்கவில்லை. கோர்ட்டிலிருந்து கடிதம் வரும், அதைப் பார்த்துப் பணம் கட்டிக்கொள்ளலாம் என்று காத்திருந்தான். நடுவில் வீடு மாறிவிட்டான். முகவரி மாறினால் 10 நாளுக்குள் மோட்டார் வாகனத் துறைக்குச் சொல்ல வேண்டும் என்பது கலிபோர்னியாவின் விதி, அதையும் செய்யவில்லை. நீதிமன்றம் அனுப்பும் நினைவூட்டல் கடிதம் அவர்கள் மரியாதைக்காக அனுப்புவது. அது வந்து சேராததால் நம் கடமை தள்ளிப்போவதில்லை.

சரி, அவன் பெயர் ஏன் அகப்படவில்லை? இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் தமிழர்கள் எல்லோருக்கும் இது வரக்கூடும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. முதலெழுத்தோடு வாழ்ந்தவர்கள் நாம். பாஸ்போர்ட்டில் அப்பாவின் பெயர் குடும்பப் பெயர் ஆகிவிடுகிறது; அதுவே டிரைவிங் லைசென்ஸிலும் ஏறுகிறது. சிலருக்கு பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் மட்டும் இருப்பதால், முதல் பெயர் தெரியாது என்பதைக் குறிக்கும் 'எஃப்என்யு' என்ற மூன்று எழுத்துகள் விசாவில் பெயராகவே நின்றுவிடுகின்றன. அலுவலகத்தில் ஒரு பெயர், வங்கியில் ஒன்று, லைசென்ஸில் வேறொன்று. காவலர் லைசென்ஸைப் பார்த்துத்தான் எழுதுகிறார். இவனோ தன் பெயரைக் குடும்பப் பெயர் இருக்க வேண்டிய கட்டத்தில் போட்டுத் தேடியிருக்கிறான். வழக்கு, காலமாகிவிட்ட என் அத்தானின் பெயரில் கிடக்கிறது!

"பெயரை விடு, சீட்டை எடு" என்றேன். காரின் கையுறைப் பெட்டியிலிருந்து எடுத்து வந்தான். நான்காக மடித்து வைத்ததில், மடிப்பு விழுந்த இடத்தில் எழுத்து அழிந்திருந்தது. எண்ணை வாசிக்கச் சொன்னேன். முதல் முறை வரவில்லை. அதில் இருப்பது பூஜ்யமா, 'ஓ' எழுத்தா என்று கேட்டேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மாற்றிப் போட்டான். வழக்கு வந்து நின்றது. ஆஜராக வேண்டிய தேதி கடந்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. அபராதத்தோடு, ஆஜராகாததற்குத் தனியாக 100 டாலர் ஏறியிருந்தது. மறுமுனையில் அவன் பேச்சே நின்றுவிட்டது.

அதற்கு முன்பு அவன் வேறோர் இடத்திலும் தேடியிருந்தான். தேடுபொறியில் பெயரைப் போட்டதும் முதலில் வந்து நின்றது ஒரு தனியார் தளம். 'உங்கள் பெயரில் பதிவுகள் கிடைத்துள்ளன' என்று மின்னி மின்னிக் காட்டி, பார்ப்பதற்குப் பணம் கேட்டதாம். நல்லவேளை, கட்டவில்லை. எங்கோ பழைய தொகுப்பிலிருந்து எடுத்த தகவலை விற்கிற தளங்கள் இவை. வழக்கின் இன்றைய நிலை அந்தந்த நீதிமன்றத்தில்தான் இருக்கும். 'அபராதம் பாக்கி, உடனே கட்டாவிட்டால் லைசென்ஸ் ரத்து' என்று கைபேசிக்கு வரும் குறுஞ்செய்தியையும் நம்பாதீர்கள். 2025இல் பல மாநிலங்களின் வாகனத் துறைகளே மக்களை இதைப் பற்றி எச்சரித்தன. அந்த இணைப்பைத் தொடாமல், சீட்டில் அச்சிட்டிருக்கும் நீதிமன்றத்தின் தளத்துக்கு நீங்களாகப் போய்ப் பாருங்கள்.

இந்த நாட்டில் போக்குவரத்து வழக்குகளுக்கென்று நாடு முழுவதற்கும் பொதுவான ஒரு பதிவேடு கிடையாது. நீங்கள் எங்கே குடியிருக்கிறீர்கள் என்பது கணக்கே இல்லை. எங்கே நிறுத்தப்பட்டீர்களோ அந்த ஊருக்குத்தான் வழக்கு போகும். கலிபோர்னியாவில் நம்மூர் மாவட்டம் போன்ற 58 கவுண்டிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு உயர்நிலை விசாரணை நீதிமன்றம். டெக்சஸில் நகர நீதிமன்றமாகவும் இருக்கலாம், சிறு வழக்குகளை விசாரிக்கும் 'அமைதி நீதிபதி'யின் நீதிமன்றமாகவும் இருக்கலாம். நியூஜெர்சியில் அந்தந்த ஊரின் நகராட்சி நீதிமன்றம். நியூயார்க் நகரத்தில் பெரும்பாலான ஓட்டுநர் டிக்கெட்டுகள் வழக்கமான நீதிமன்றத்துக்கே போவதில்லை. மோட்டார் வாகனத் துறையின் கீழுள்ள ஒரு பிரிவு விசாரிக்கிறது, அங்கே பேரம் பேசிக் குற்றச்சாட்டைக் குறைத்துக்கொள்ளவும் வழியில்லை. எனவே முதல் வேலை, சீட்டில் எந்த நீதிமன்றம் என்று பார்ப்பது. காவலர் எழுதியது நீதிமன்றத்தின் கணினியில் ஏறச் சில நாளோ சில வாரமோ ஆகலாம். இன்று இல்லை என்றால் அடுத்த வாரம் மறுபடி பாருங்கள். தேதி நெருங்கியும் காணவில்லை என்றால் நீதிமன்ற எழுத்தரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். அவர்கள் சட்ட ஆலோசனை சொல்ல மாட்டார்கள். ஆனால் வழக்கு இருக்கிறதா, கெடு எப்போது, எந்தப் படிவம் என்பதைச் சொல்வார்கள்.

இப்போது எனக்கு உண்மையிலேயே கோபம் வரும் இடத்துக்கு வருகிறேன். நம்மில் பலர் டிக்கெட்டை மின்சாரக் கட்டணம்போல நினைத்து, பயந்துபோய் அன்றே பணத்தைக் கட்டிவிடுகிறார்கள். 'எதற்கு வம்பு?' என்கிறார்கள். கட்டிய அந்த நொடியில் வழக்கு குற்றத் தீர்ப்போடு முடிகிறது. லைசென்ஸில் பாயிண்ட் என்ற தவறுப் புள்ளி ஏறுகிறது, இன்ஷூரன்ஸ் கட்டணம் சில வருடங்களுக்கு உயர்கிறது. அபராதத்தைவிட அதுதான் பெரிய செலவு. கலிபோர்னியாவில் 18 மாதத்துக்கு ஒரு முறை டிராஃபிக் ஸ்கூல் என்ற வகுப்பில் சேர்ந்து, அந்தப் பாயிண்ட் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் கண்ணில் படாமல் செய்துகொள்ளலாம். ஆனால் அதை நாம்தான் கெடுவுக்குள் கேட்க வேண்டும். விளக்கு எரியவில்லை என்பது போன்ற சீட்டாக இருந்தால், சரிசெய்துவிட்டு அத்தாட்சியைக் காட்டி 25 டாலரோடு முடித்துக்கொள்ளலாம். குற்றமே செய்யவில்லை என்றால் நேரில் போகாமல் எழுத்து வடிவிலேயே வாதாடலாம். அபராதத் தொகையை முன்பணமாகக் கட்டி, நடந்ததை எழுதி அனுப்பினால் நீதிபதி இரு தரப்பு எழுத்தையும் படித்துத் தீர்ப்பளிப்பார். வென்றால் பணம் திரும்ப வரும். தோற்றாலும் 20 நாளுக்குள் நேரடி விசாரணை கேட்கலாம். இதற்கெல்லாம் வக்கீல்கூடத் தேவையில்லை.

அபராதத் தொகையைப் பார்த்து மலைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. என் அக்கா மகனின் மீறலுக்கு அடிப்படை அபராதம் 35 டாலர்தான். அதன் மேல் மாநிலமும் கவுண்டியும் அடுக்கும் கூடுதல் வரிகள் சேர்ந்து 200 டாலரைத் தாண்டிவிடுகிறது. சம்பளம் வருகிறவனுக்கு அது ஒரு வாரத்து எரிச்சல். கூலி வேலை செய்பவருக்கு அது வீட்டு வாடகை. வருமானம் குறைவாக இருந்தால் தொகையைக் குறைக்கச் சொல்லியும், தவணை கேட்டும் நீதிமன்றத்துக்கு விண்ணப்பிக்கலாம். கேட்காதவருக்குக் கிடைப்பதில்லை.

மிசோரி மாநிலத்தின் ஃபெர்குசன் நகரத்தைப் பற்றி அமெரிக்க நீதித்துறை 2015 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கையைப் படித்த பிறகு, இதைச் சின்ன விஷயம் என்று யாராவது சொன்னால் எனக்குப் பொறுப்பதில்லை. ஏறத்தாழ 21,000 பேர் வாழும் ஊர். 2013இல் ஒரே வருடத்தில் அந்த நகர நீதிமன்றம் பிறப்பித்த பிடியாணைகள் 9,000க்கும் மேல். ஒரு பெண், 2007இல் வண்டியைத் தவறாக நிறுத்தியதற்காக இரண்டு டிக்கெட் வாங்கினார். அபராதம் 151 டாலரும் கட்டணங்களும். வறுமையில், வீடில்லாமல் அலைந்த காலம் அவருக்கு. தேதி தவறத் தவற அபராதத்தின் மேல் அபராதம் ஏறியது. ஆறு நாள் சிறையில் இருந்தார். ஏழு வருடத்தில் 550 டாலர் கட்டிய பிறகும் 541 டாலர் பாக்கி என்றது கணக்கு. கட்ட வழியில்லாதவரை அந்தக் காரணத்துக்காகவே சிறையில் அடைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1983இலேயே சொல்லியிருந்தும் இது நடந்தது. அபராதம் வாங்கத் தெரிந்த நீதிமன்றத்துக்கு, தன் பதிவேட்டை ஏழை எளியவர்கள் எளிதாகத் தேடிப் பார்க்கும்படி வைக்கவும் தெரிய வேண்டும். அதற்கும் சேர்த்துத்தான் அந்தக் கூடுதல் வரிகளைக் கட்டுகிறோம்.

அவன் கதைக்கு வருகிறேன். மறுநாள் காலை அவனே எழுத்தரிடம் பேசினான். அந்த 100 டாலரை நீக்கக் கேட்கும் படிவம் இருந்தது. வீடு மாறிய தேதியையும் வாடகை ஒப்பந்தத்தின் நகலையும் வைத்து, தவறு தன்னுடையதுதான் என்பதை மறைக்காமல் எழுதினான். நீக்கிவிட்டார்கள். டிராஃபிக் ஸ்கூலுக்கும் அனுமதி கிடைத்தது.

வகுப்பை முடித்த பிறகும் நான் அவனை விடவில்லை. இரண்டு வாரம் கழித்து நீதிமன்றப் பதிவில் வழக்கு முடிந்தது என்று வந்திருக்கிறதா பார்க்கச் சொன்னேன். பிறகு வாகனத் துறையிடமிருந்து தன் ஓட்டுநர் பதிவையும் எடுக்கச் சொன்னேன். வழக்கு முடிந்ததற்கான சான்றிட்ட நகலைக் கட்டணம் கட்டி வாங்க வைத்தேன். "எதற்கு சித்தி இவ்வளவு?" என்றான். குடியுரிமை விண்ணப்பத்தில், உங்களுக்கு எப்போதாவது டிக்கெட் எழுதப்பட்டதுண்டா என்ற பொருளில் ஒரு கேள்வி இருக்கிறது. அவன் அந்தப் படிவத்தை நிரப்பும் காலத்தில் நீதிமன்றம் பழைய கோப்பை அழித்திருக்கலாம். இப்போது அந்த நகல், அத்தானின் பெயர் அச்சிட்ட அந்த ஒற்றைத் தாள், அவனுடைய பாஸ்போர்ட் உறைக்குள் இருக்கிறது. இந்த முறை மடிக்காமல் வைத்திருக்கிறான்.