சுழல் கதவு டெல்லியில் மட்டும் இல்லை

பெரிய ஓட்டல் வாசலில் கண்ணாடிச் சுழல் கதவைப் பார்த்திருப்பீர்கள். ஒருவர் உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போதே இன்னொருவர் வெளியே வந்துவிடுவார். அரசியலில் இந்தப் பெயரைச் சொன்னால், ஒரு தொழிலைக் கண்காணித்த அதிகாரி ஓய்வு பெற்றதும் அதே தொழிலில் ஆலோசகராகப் போய் உட்காருவது என்று அர்த்தம். கம்பெனி ஆள் அரசுப் பதவிக்கு வந்து தன் பழைய தொழிலுக்கே விதி எழுதுவதும் இதில் சேரும்.

லஞ்சத்தைவிட இதுதான் எனக்குப் பயம். கையில் பணம் மாறவே வேண்டாம், பிடிக்க ஆதாரமும் இருக்காது.

நம் பாலாற்றங்கரையையே எடுத்துக்கொள்ளுங்கள். டேனரிக்கு, அதாவது தோல் பதனிடும் ஆலைக்கு, கழிவுநீர் மாதிரி எடுக்க மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி வருகிறார். முதல் நாளே போன் போட்டுவிட்டு வரலாம், சொல்லாமலும் வரலாம். சுத்திகரிப்பு ஓடுகிற பகலில் வரலாம், ராத்திரியிலும் வரலாம். பாட்டிலை எந்த இடத்தில் பிடிப்பது என்பதும் அவர் கையில். எப்படிப் பிடித்தாலும் அறிக்கையில் வெறும் எண்கள்தான் இருக்கும். ஓய்வு நெருங்கும் நேரத்தில், அடுத்த வேலை இதே கேட்டுக்குள்தான் என்று மனதில் ஓடினால் நல்லவருக்கும் கை தளரும். எல்லோரும் அப்படி என்று சொல்லவில்லை, கறாரான அதிகாரிகளும் உண்டு. ஆனால் அவர்களின் நல்ல மனசை மட்டும் நம்பி ஆற்றை விட முடியுமா?

வேலூர்க்காரர்கள் போட்ட வழக்கில், தோல் தொழிற்சாலைப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் நிலம் பயிருக்குப் பாதியாகவோ முழுதாகவோ லாயக்கற்றுப் போனதை உச்ச நீதிமன்றம் 1996 தீர்ப்பிலேயே பதிவு செய்தது. 2025 ஜனவரியில் அதே பாலாற்றுக்காக மறுபடியும் தீர்ப்பு சொல்ல வேண்டி வந்தது. நடுவில் சட்டத்துக்குப் பஞ்சமில்லை, சட்டத்தை நடத்துகிற ஆள்தான் பிரச்சினை.

தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் பதவி முடிந்தபின் வேறெந்த அரசுப் பதவிக்கும் போகக் கூடாது என்று அரசியல் சாசனத்திலேயே எழுதி வைத்தார்கள். கம்பெனிக்குப் போகிற மத்திய அரசு உயர் அதிகாரிக்கோ ஓராண்டுதான் தடை, அதுவும் அனுமதி வாங்கினால் போதும்.

அனுபவம் வீணாகிறதே என்பார்கள். சரி, கல்லூரியில் பாடம் எடுக்கட்டும், விவசாயிகள் பக்கம் நின்று ஆலோசனை சொல்லட்டும். தான் இசைவாணை (ஆலை நடத்த அனுமதி) கொடுத்த கம்பெனியிடம் மட்டும் ஐந்து வருடத்துக்குச் சம்பளமோ ஆலோசனைக் கட்டணமோ வாங்கக் கூடாது. மாநில அரசின் களப் பொறியாளர் வரை இது பொருந்த வேண்டும். விதிவிலக்கு யாருக்கு, எந்தக் கம்பெனிக்குக் கொடுத்தார்கள் என்பதை யாரும் மனு போட்டுக் கேட்காமலே இணையத்தில் போட வேண்டும்.