ஹேபிடேட்டைத் தொடங்கியவர் கார்ட்டர் இல்லை

"ஜிம்மி கார்ட்டர் தொடங்கிய ஹேபிடேட் அமைப்பு, மதம் மாறுகிற ஏழைகளுக்கு இலவசமா வீடு கொடுக்குது"னு மேலே ஒருவர் எழுதியிருக்கார். மூணுமே தவறுங்க. ஏழைகளுக்கு வீடு கட்டித் தர்ற தொண்டு நிறுவனமான 'ஹேபிடேட் ஃபார் ஹியூமானிட்டி'யைத் தொடங்கியவங்க மில்லர்ட் ஃபுல்லரும் மனைவி லிண்டாவும், 1976-ல. அதுக்கு முன்னாடி 1973-லிருந்து ஜயர் நாட்டு (இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசு) ம்பண்டாக்காவில் மிஷனரிகளா இருந்து வீடு கட்டிப் பார்த்தவங்க. முன்னாள் அமெரிக்க அதிபர் கார்ட்டர் வீடு கட்டுற வேலைக்குச் சுத்தியலோடு வந்தது 1984-லதான்.

இலவசம்ங்கிறதுதான் எனக்கு ரொம்ப வருத்தம். ஃபுல்லர் வகுத்த முறையில் வீட்டு விலையில் லாபம் கிடையாது, கடனுக்கு வட்டி கிடையாது. ஆனா தவணை கட்டியே ஆகணும்; குடும்பத்தாரும் கட்டுமான வேலையில் இறங்கி உழைக்கணும். அந்தத் தவணைப் பணம் அடுத்த குடும்பத்தோட வீட்டுக்குப் போகும். வியர்வை சிந்தி வாங்கின வீட்டை தானம்னு சொல்லாதீங்க.

கிறிஸ்தவ அமைப்புதான், மறுக்கலை. ஆனா வீடு வாங்க மதம் நிபந்தனை இல்லை.