அந்தச் சவப்பெட்டி வசனத்தைச் சொன்னது யார்?

ஜோசப் ஸ்டாலினின் மனநிலையைப் பற்றித் தமிழில் எந்தக் காணொளியைத் திறந்தாலும் ஒரு காட்சி தவறாமல் வந்துவிடுகிறது. 1907, ஜார்ஜியாவின் டிஃப்லிஸ் நகரம். இளம் மனைவி கட்டோ நோயில் இறந்துபோகிறார். சவப்பெட்டியின் அருகே நின்று, இவள்தான் என் கல் நெஞ்சை இளக்கியவள், இவளோடு மனிதர்கள் மேல் எனக்கிருந்த கடைசி ஈரமும் செத்துவிட்டது என்று ஸ்டாலின் நண்பனிடம் சொல்கிறார். அங்கிருந்து நேராக 1937க்குத் தாவிவிடுகிறார்கள். ஒருவன் ஏன் கொடுங்கோலன் ஆனான் என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிட்டதாம்.

எனக்கு இதில் உண்மையாகவே கோபம் வருகிறது. 1937, 38 ஆகிய இரண்டே ஆண்டுகளில் அரசியல் வழக்குகளில் சுட்டுக் கொல்லப்பட்டவர்கள் 6,81,692 பேர் என்று சோவியத் ரகசியப் போலீஸின் சொந்தக் கணக்கே சொல்கிறது. அத்தனை சாவுகளுக்கும் காரணம் தேடிப் போகிறவர், தான் நம்பும் ஒரு வசனத்தை யார் சொன்னார், எப்போது சொன்னார் என்றாவது கேட்க வேண்டாமா?

சொன்னவர் ஜோசப் இரெமாஷ்விலி. கோரி ஊரில் ஸ்டாலினோடு சிறுவனாகத் திரிந்தவர், பிறகு பாதிரியார் பயிற்சிப் பள்ளியான செமினரியிலும் கூடப் படித்தவர். பின்னாளில் ஸ்டாலினின் போல்ஷெவிக் கட்சிக்கு எதிரணியான மென்ஷெவிக் ஆனார், போல்ஷெவிக்குகள் ஜார்ஜியாவைக் கைப்பற்றிய பிறகு நாடு கடத்தப்பட்டார். 1932இல் பெர்லினில், ஜெர்மன் மொழியில் தன் நினைவுகளை வெளியிட்டார். அதாவது அந்தச் சாவு நடந்து 25 ஆண்டுகள் கழித்து, தன் நாட்டையும் கட்சியையும் பறிகொடுத்தவர், பறித்தவனைப் பற்றி எழுதியது. அப்பன் அநியாயமாக அடித்த அடிதான் அந்தப் பையனையும் அப்பனைப் போலவே இரக்கமற்றவனாக்கியது என்ற புகழ்பெற்ற விளக்கமும் இவருடையதே. ஸ்டாலினின் அரசியல் எதிரி ட்ராட்ஸ்கி தன் கடைசி நாட்களில் எழுதிக்கொண்டிருந்த ஸ்டாலின் வரலாற்றுக்கு இவரிடமிருந்து எடுத்தார். ட்ராட்ஸ்கியிடமிருந்து மற்றவர்கள் எடுத்தார்கள், அவர்களிடமிருந்து இன்னும் பலர். கடைசியில் பத்துப் புத்தகத்தில் இருக்கிறது, பொய்யாக இருக்குமா என்று கேட்கிறார்கள். புத்தகம் பத்துதான், ஆனால் சாட்சி ஒருவர்தான்.

இதற்காக இரெமாஷ்விலியைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. எதிரி சொன்னதெல்லாம் பொய் என்று ஒதுக்குவதும் சோம்பேறித்தனம்தான். அவர் கண்ணால் பார்த்தது ஒன்று, அதிலிருந்து அவர் எடுத்த முடிவு இன்னொன்று, இரண்டையும் பிரித்துப் படிக்க வேண்டும். தகப்பன் பெசோ குடிகாரச் செருப்புத் தொழிலாளி, வீட்டில் அடிதடி இருந்தது என்பதற்கு வேறு வழிகளிலும் சான்று கிடைக்கிறது. தாய் கேகேயின் நினைவுகளை 1935இல் கட்சிக்காரர்களே எழுதி வாங்கினார்கள். பல பத்தாண்டுகள் ஆவணக் காப்பகத்தில் கிடந்து வெளிவந்த அந்தக் குறிப்பில் கணவனின் குடி பற்றிப் பேசுகிறார். மகள் ஸ்வெத்லானா, அப்பா சிறுவயதில் அம்மாவைக் காப்பாற்றத் தன் தகப்பன் மேல் கத்தியை வீசியதாகத் தன்னிடம் சொன்னார் என்று எழுதினார். ஆக, மூன்று பேர், மூன்று சூழல், ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியதாகத் தெரியவில்லை. அதனால் அடி உண்மை என்று நான் ஏற்றுக்கொள்கிறேன். ஸ்டாலினோ 1931 டிசம்பரில் எமில் லுட்விக் என்ற ஜெர்மன் எழுத்தாளர் கேட்டபோது, என் பெற்றோர் படிக்காதவர்கள், ஆனால் என்னை மோசமாக நடத்தவில்லை, செமினரியின் கெடுபிடிதான் என்னைப் புரட்சிக்காரன் ஆக்கியது என்றார். ஒரு நாட்டை ஆள்பவர், அச்சில் வரப்போகும் பேட்டியில், வெளிநாட்டுக்காரரிடம் வேறு என்ன சொல்லியிருப்பார்?

சரி, அடி வாங்கினார். அதனால்? அந்தக் காலத்துக் கோரியில் அடி வாங்காத பையன் எத்தனை பேர்? அடி வாங்கியவர்கள் எல்லாரும் மரணப் பட்டியலில் கையெழுத்துப் போடவில்லை. இதற்கு மேல் இந்த விளக்கத்தில் எனக்கு எதுவும் கிடைக்கவில்லை.

இன்னொரு பக்கம், தன் வரலாற்றைத் தானே செதுக்கிய ஆள் இவர். கோரி தேவாலயப் பதிவேட்டில் பிறந்த நாள் 1878 டிசம்பர் 6, இன்றைய நாட்காட்டிக்கு 18. நாடே கொண்டாடியது 1879 டிசம்பர் 21. பிறந்த தேதியே இப்படி என்றால் மற்றதைப் பற்றி என்ன சொல்ல? 1938 பிப்ரவரியில், தன் குழந்தைப் பருவத்தைப் பற்றிச் சிறுவர்களுக்காகத் தயாரான ஒரு கதைப் புத்தகத்தை எரித்துவிடுங்கள் என்று பதிப்பகத்துக்குக் கடிதம் எழுதினார். பிழைகளும் மிகைப்படுத்தலும் நிறைந்திருக்கிறது, தலைவர் வழிபாடு நமக்குக் கேடு என்பது அவர் சொன்ன காரணம். சிலர் இதைப் பணிவுக்கு அத்தாட்சியாகக் காட்டுகிறார்கள். என்னால் அப்படிப் படிக்க முடியவில்லை. தன் சிறுவயதைப் பற்றி வேறு யாரும் பேசக்கூடாது என்பதில் அவர் குறியாக இருந்தார் என்றே படுகிறது. 1947இல் வந்த அதிகாரபூர்வ வாழ்க்கைக் குறிப்பின் மறுபதிப்பில், தற்பெருமையோ கர்வமோ இந்தத் தலைவரை ஒருபோதும் தீண்டவில்லை என்ற பொருளில் ஒரு வரியை அவரே தன் கையால் சேர்த்தார் என்று, அவருக்குப் பின் ஆட்சிக்கு வந்த குருஷேவ் 1956இல் கட்சி மாநாட்டில் படித்துக் காட்டினார்.

குருஷேவ் என்றதும் நான் கொஞ்சம் நிதானிக்கிறேன். அவர் உள்ளே இருந்தவர், நிறையத் தெரிந்தவர், அதே சமயம் மாஸ்கோவிலும் உக்ரைனிலும் களையெடுப்பை நடத்தியவர்களில் ஒருவர். எல்லாப் பழியும் ஒரே ஆள் மேல் விழுவது அவருக்கு வசதி. 1941 விவகாரத்தில் இது அப்பட்டமாகத் தெரிகிறது. ஜெர்மனி தாக்கியதும் ஸ்டாலின் இடிந்துபோய் நீண்ட காலம் எந்த வேலையும் செய்யவில்லை என்று அதே உரையில் சொன்னார். அந்த வாரம் குருஷேவ் மாஸ்கோவிலேயே இல்லை, உக்ரைனில் இருந்தார்.

அப்புறம் 1990களில் ஸ்டாலினின் கிரெம்ளின் அலுவலகத்தின் வருகைப் பதிவேடு வெளியானது. யார் எத்தனை மணிக்கு உள்ளே போனார், எப்போது வெளியே வந்தார் என்று வாசலில் இருந்த உதவியாளர்கள் குறித்து வைத்தது. யாருடைய மனத்தையும் காட்டுவதற்காக எழுதப்பட்டது அல்ல, அதனாலேயே எனக்கு அதன் மேல் மதிப்பு. ஜெர்மனி தாக்கிய ஜூன் 22 விடியற்காலை 5.45க்கே வெளியுறவு அமைச்சர் மொலோடோவும் ரகசியப் போலீஸ் தலைவர் பெரியாவும் தளபதி ஜுகோவும் மற்றவர்களும் உள்ளே போயிருக்கிறார்கள். 28 வரை ஒவ்வொரு நாளும் ஆள் மாற்றி ஆள். 29, 30 ஆகிய இரண்டு நாட்களும் வெறுமை. மின்ஸ்க் நகரம் ஜெர்மனியிடம் விழுந்திருந்த நேரம் அது. அந்த 29ஆம் தேதிகூட ஸ்டாலின் இரண்டு முறை பாதுகாப்பு அமைச்சகத்துக்கு வந்தார் என்கிறார் ஜுகோவ். ஆக, குருஷேவின் "நீண்ட காலம்" இரண்டு நாளுக்குள் சுருங்கிவிடுகிறது.

அந்த 30ஆம் தேதி தலைவர்கள் சிலர் ஊருக்கு வெளியே இருந்த அவரது வீட்டுக்குப் போனார்கள். போனவர்களில் மிகோயானும் ஒருவர். அவருடைய நினைவுக் குறிப்புகள் 1999இல் அச்சில் வந்தபோது, எங்களைக் கண்டதும் ஸ்டாலின் நாற்காலிக்குள் சுருங்கிப் போனார், கைது செய்ய வந்திருக்கிறோம் என்று நினைத்துவிட்டார் என்று இருந்தது. என்ன ஒரு காட்சி! அச்சம்தான் இந்த மனிதனின் அடிப்படை என்று எத்தனை பேர் இதை வைத்து எழுதிவிட்டார்கள். ஆனால் காப்பகத்தில் உள்ள மிகோயானின் மூலப் பிரதியில் அது இல்லை. ஏன் வந்தீர்கள் என்று கேட்டார், அமைதியாக, ஆனால் ஏதோ வினோதமாக இருந்தார் என்பதோடு சரி. மற்றதெல்லாம் பதிப்பித்த மகன் சேர்த்தது. ஒரு சர்வாதிகாரியின் உள்மனம் என்று நாம் பேசிக்கொண்டிருப்பது பாதி நேரம் பதிப்பாசிரியரின் கைவண்ணம்.

இதே வரிசையில் இன்னொன்று, 1927இல் மனநல மருத்துவர் பெக்தெரேவ் ஸ்டாலினுக்குச் சித்தப்பிரமை என்று சொன்னார், அதனால்தான் திடீரென்று செத்தார் என்ற கதை. அவர் திடீரென்று இறந்தது உண்மை. சொன்னதற்கு அன்றைய ஆவணம் எதுவும் கிடையாது, பிற்காலச் செவிவழிச் செய்திதான். அதைக் கடந்து போகலாம்.

நோக்கம் தெரிய வேண்டுமென்றால் வேறு இடத்தில் தேட வேண்டும். தண்டிக்கப்பட வேண்டியவர்களின் 383 பட்டியல்கள், ஏறத்தாழ 44,000 பெயர்கள், மேலிடத்தின் ஒப்புதலுக்காக அனுப்பப்பட்டவை, பெரும்பாலானவற்றில் ஸ்டாலினின் கையெழுத்து இருக்கிறது. கீழே இருந்தவர்கள் தன்னிச்சையாகச் செய்துவிட்டார்கள், அவருக்குத் தெரியாது என்ற வாதம் அங்கேயே முடிந்துவிடுகிறது. மொலோடோவின் கையெழுத்தும் அவற்றில் ஏராளம். அவர் முதுமையில் எழுத்தாளர் ஃபெலிக்ஸ் சுயேவிடம் ஆண்டுக்கணக்கில் பேசினார், போருக்கு முன் உள்நாட்டுத் துரோகிகளை ஒழித்தாக வேண்டியிருந்தது என்று கடைசிவரை சாதித்தார். 1949இல் தன் மனைவியையே கைது செய்யவைத்த ஸ்டாலினை மொலோடோவ் விட்டுக்கொடுக்கவில்லை. அது விசுவாசமா, தன் கையெழுத்துக்குத் தானே தேடிக்கொண்ட நியாயமா? என் கணக்கில் இரண்டும்தான்.

எல்லாவற்றையும் விட என்னை உலுக்கியது 1930இல் ரகசியப் போலீஸ் தலைவர் மென்ஜின்ஸ்கிக்கு ஸ்டாலின் எழுதிய கடிதம். கைதான பொறியியல் பேராசிரியர் ராம்சினின் வாக்குமூலம் மிகவும் சுவாரசியமாக இருக்கிறது, வெளிநாட்டுப் படையெடுப்பு ஏன் தள்ளிப்போனது, எப்போது வரும் என்பதையே இனி வாங்கும் வாக்குமூலங்களின் மையப் புள்ளியாக்குங்கள் என்கிறார். சதி உண்மையிலேயே இருக்கிறது என்று நம்பித் துருவுகிறவரின் குரலும் அதில் இருக்கிறது, கைதி என்ன சொல்ல வேண்டும் என்று எழுதிக் கொடுப்பவரின் குரலும் இருக்கிறது. நம்பினாரா நடித்தாரா என்று நான் பல முறை அதைப் படித்துப் பார்த்துவிட்டேன், பிரிக்க முடியவில்லை. அவருக்கே அந்தப் பிரிவு இருந்திருக்காது என்பதுதான் என் முடிவு. மறுக்க விரும்புபவர்கள் தாராளமாக மறுக்கலாம், ஆனால் கல் நெஞ்சு வசனத்தோடு வராமல் அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு வாருங்கள், பேசுவோம்.