கடற்பாசித் திரவம் அடித்தால் யூரியா வேண்டாமா?

'ஏக்கருக்கு 1 லிட்டர் கடற்பாசித் திரவம் அடியுங்கள். அப்புறம் யூரியாவும் வேண்டாம், டிஏபியும் வேண்டாம்.' வாட்ஸ்அப்பில் சுற்றிவரும் இந்தச் செய்தி தவறு. நம்பி உரத்தை நிறுத்தினால் விளைச்சல்தான் அடிவாங்கும்.

கணக்குப் போட்டே பார்க்கலாம். 45 கிலோ யூரியா மூட்டையில் 46 சதவீதம் தழைச்சத்து (நைட்ரஜன்), அதாவது 20 கிலோவுக்கு மேல். ஒரு லிட்டர் கடற்பாசித் திரவத்தில் தாராளமாக 1 சதவீதம் தழைச்சத்து என்று வைத்துக்கொண்டாலும் கிடைப்பது சுமார் 10 கிராம். உள்ளங்கையில் அடங்கிவிடும். நெல்லுக்கு அது எந்த மூலைக்கு?

சரி, அப்படியென்றால் கடற்பாசி வீணா? இல்லவே இல்லை. ராமநாதபுரம் கடலோரத்தில் மூங்கில் மிதவைகளில் வளர்க்கும் கப்பாஃபைகஸ் பாசியைப் பிழிந்து எடுக்கும் சாற்றில் சாம்பல்சத்தும் (பொட்டாசியம்), வேர், தளிர் வளர்ச்சியைத் தூண்டும் இயற்கை ஹார்மோன்களும் உண்டு. அதனால்தான் 2021-இல் மத்திய அரசின் உரக் கட்டுப்பாட்டு ஆணையில் திருத்தம் செய்தபோது, கடற்பாசிச் சாற்றை 'உயிர்த்தூண்டி' என்ற தனி வகையில் சேர்த்தார்கள். தூண்டி வேறு, உரம் வேறு.

மண்ணையே வளமாக்க வேண்டுமென்றால் சாறு போதாது, முழுப் பாசி வேண்டும். அயர்லாந்தின் அரான் தீவுகளில் வெறும் பாறைமேல் மணலையும் கடற்பாசியையும் அடுக்கடுக்காகப் பரப்பி மண்ணையே உருவாக்கி உருளைக்கிழங்கு பயிரிட்டார்கள். அது கூடை கூடையாகச் சுமந்து, பல தலைமுறை பார்த்த வேலை.

கரை ஒதுங்கிய பாசி கிடைத்தால் நல்ல தண்ணீரில் அலசுங்கள். காய்ந்த பாசிமேல் வெள்ளையாகப் பூத்திருப்பது பெரும்பாலும் உப்பு. அலசியபின் சாணம், சருகோடு மட்கவைத்துப் போடுங்கள். ஏற்கெனவே உவர் நிலமென்றால் மண் பரிசோதனை செய்யாமல் போடவே வேண்டாம்.